பையன் பெயரில் வந்த செக்

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பம். 2025 ஜூன் இரண்டாம் வாரத்தில் அந்த வீட்டுத் தபால் பெட்டிக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்திலிருந்து மூன்று உறைகள் வந்தன. அப்பா ஜனவரியில் மாரடைப்பில் போய்விட்டார். அவர் வேலை செய்த கம்பெனி எடுத்துக் கொடுத்திருந்த ஆயுள் காப்பீட்டுப் பணம் அது. அம்மாவுக்கு மூன்று லட்சம் டாலர், பெரியவளுக்கு ஒன்றரை லட்சம், சின்னவனுக்கு ஒன்றரை லட்சம். சின்னவனுக்கு 24 வயது, ஆட்டிசம். பேச்சு அதிகம் கிடையாது. 18 வயதானபோதே கோர்ட்டு மூலம் அப்பாவும் அம்மாவும் அவனுக்குக் கார்டியன், அதாவது சட்டப்படியான பொறுப்பாளர், ஆகியிருந்தார்கள். அதனால் அவன் செக்கில் அவன் பெயரும், பக்கத்தில் கார்டியன் என்று அம்மா பெயரும் இருந்தன. அம்மா அன்று சாயங்காலமே மூன்றையும் வங்கியில் போட்டுவிட்டார்.

நான் வக்கீல் இல்லை. இயலாதவர்களுக்கு அரசு தரும் உதவிகள் அந்தப் பையனைப் போலவே என் மகளுக்கும் வருகின்றன. அவளுக்காகப் படிவம் நிரப்பி நிரப்பிக் கற்றுக்கொண்டதை வைத்துத் தெரிந்தவர்களுக்கு உட்கார்ந்து எழுதிக் கொடுப்பேன். இந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய ஒன்றிரண்டை மாற்றியிருக்கிறேன்.

கணக்குப் பார்த்தே வாழ்ந்த அப்பா

இந்த வீட்டில் விவரம் தெரியாதவர்கள் யாரும் இல்லை. அப்பா ரொம்பவே விவரமானவர். பையனுக்கு 18 முடிந்ததும் எஸ்எஸ்ஐ வாங்கிக் கொடுத்தார். வருமானமும் சொத்தும் இல்லாத இயலாதவர்களுக்கும் முதியவர்களுக்கும் மத்திய அரசு தரும் மாதத் தொகை அது. 2025-இல் தனிநபருக்கு அதிகபட்சம் 967 டாலர், நியூ ஜெர்சி தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கும். பெற்றோர் வீட்டில் இலவசமாக இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு வரை வெட்டு விழும் என்று தெரிந்து, மகனோடு வாடகை ஒப்பந்தமே போட்டிருந்தார். மாதா மாதம் ரசீது. ஊருக்குப் போனால் 28 நாள்தான். தொடர்ந்து 30 நாள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் எஸ்எஸ்ஐ நின்றுவிடும். திரும்பி வந்து 30 நாள் இங்கே இருந்த பிறகுதான் மறுபடி கிடைக்கும். உறவில் கல்யாணத் தேதி தள்ளிப்போனபோதுகூட 28-ஆம் நாள் விமானம் ஏறியிருக்கிறார்கள்.

2019-இல் வக்கீல் வைத்து உயிலும் எழுதினார். அதில் மகனின் பங்கு நேராக அவன் கைக்குப் போகாது. அவனுக்கென்று ஒரு ஸ்பெஷல் நீட்ஸ் ட்ரஸ்டுக்குப் போகும். பணம் அவன் பெயரில் இருக்காது, அவனுக்காக வேறொருவர் வைத்து நிர்வகிப்பார். அப்போதுதான் அரசு உதவிகள் நிற்காது. அருமையான உயில், நானே படித்தேன்.

சிக்கல் என்னவென்றால், காப்பீட்டுப் பணம் உயில் வழியாக வருவதில்லை. கம்பெனி படிவத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு நேராகப் போய்விடும். நம் ஊரில் நாமினி என்றால் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுப்பவர் என்று நினைத்துப் பழகிவிட்டோம். இங்கே படிவத்தில் இருக்கும் பெயர் உயிலையே ஓரங்கட்டிவிடும். அந்தப் படிவத்தை அப்பா நிரப்பியது 2003-இல், வேலைக்குச் சேர்ந்த வாரம். அப்போது பையனுக்கு இரண்டு வயது, ஆட்டிசம் என்று யாரும் சொல்லவில்லை. மனைவிக்குப் பாதி, இரண்டு பிள்ளைகளுக்கும் சரிபாதியாகக் கால் கால். ஒரு அப்பா வேறு எப்படி எழுதுவார்? 22 வருஷத்தில் அந்தப் பக்கத்தை அவர் மறுபடி திறக்கவே இல்லை.

"அதான் எஸ்எஸ்ஐ நின்னுடுச்சே அக்கா"

அம்மா ஜூலைக் கடைசியில் என்னிடம் ஒரு படிவத்தோடு வந்தார். செக் விஷயத்தைச் சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவரோ நிதானமாக இருந்தார். அவர் நிதானத்துக்குக் காரணம் இருந்தது, அதை விளக்கியாக வேண்டும்.

அப்பா இறந்ததும் பையனுக்கு வேறொரு உரிமை பிறந்தது. 22 வயதுக்குள் இயலாமை தொடங்கிய, கல்யாணமாகாத பிள்ளைக்கு, இறந்த பெற்றோரின் சோஷியல் செக்யூரிட்டிக் கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் வரும். பெற்றோரின் முழு ஓய்வூதியத் தொகையில் 75 சதவீதம் வரை. டிஏசி என்று சுருக்கிச் சொல்வார்கள். ஐடி சம்பளம் வாங்கிய அப்பா என்பதால் பையனுக்கு 2,300 டாலருக்கு மேல் வந்தது. இது ஏழைகளுக்கான உதவி இல்லை, அப்பா கட்டிய வரிக்குக் கிடைக்கும் பலன். சேமிப்பு எவ்வளவு இருந்தாலும் கேட்க மாட்டார்கள். ஆனால் இவ்வளவு வருமானம் வந்ததும் எஸ்எஸ்ஐ தானாக நின்றது, மே மாதத்தோடு.

"அதான் எஸ்எஸ்ஐ நின்னுடுச்சே அக்கா. இனிமே அந்த ரெண்டாயிரம் டாலர் கணக்கெல்லாம் எதுக்கு?" என்றார்.

எஸ்எஸ்ஐ வாங்குபவர் பெயரில் 2,000 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது. குடியிருக்கும் வீடும் ஒரு காரும் கணக்கில் வராது, மற்றது பெரும்பாலும் வரும். 1974-இல் திட்டம் தொடங்கியபோது வரம்பு 1,500. 1989-இல் 2,000 ஆனது. அதற்கப்புறம் ஒரு சென்ட் ஏறவில்லை. இந்த நாட்டில் 1989-இல் விற்ற விலைக்கு இன்றும் விற்கும் ஒரு பொருளை யாராவது காட்டினால் நல்லது.

எஸ்எஸ்ஐ நின்றால் வரம்பும் போய்விடும் என்று அம்மா நினைத்தது இயல்புதான். ஆனால் பையனுக்கு உயிர்நாடி அந்த 967 டாலர் இல்லை. எஸ்எஸ்ஐ கையோடு கொண்டுவந்த மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவ உதவிதான். நியூ ஜெர்சியில் 21 வயதுக்கு மேற்பட்ட வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு மாநிலத் துறை தரும் சேவைகள், அதாவது பகலில் போய்வரும் டே புரோகிராம், அதற்கான வேன், வீட்டுக்கு வரும் உதவியாளர், பின்னாளில் தங்குமிடம், எல்லாவற்றுக்கும் மெடிக்கெய்ட் வேண்டும். கையிலிருந்து கட்டினால் வருஷத்துக்குப் பல பத்தாயிரம் டாலர் ஆகும். பெரிய சம்பளக்காரர்களின் தனியார் காப்பீடும் இதற்குப் பணம் தராது. 24 மாதம் கழித்து டிஏசி வழியாக வரப்போகும் மெடிகேர் என்ற இன்னொரு அரசு மருத்துவக் காப்பீடும் தராது.

டிஏசியால் எஸ்எஸ்ஐ போனவர்களுக்கு மெடிக்கெய்ட் போகக் கூடாது என்று 1986-இல் ஒரு சட்டம் வந்தது. 1987 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. டிஏசி பணத்தைக் கண்டுகொள்ளாமல், 'இது வராமல் இருந்திருந்தால் இவருக்கு எஸ்எஸ்ஐ கிடைத்திருக்குமா?' என்று பார்க்க வேண்டும். கிடைத்திருக்கும் என்றால் மெடிக்கெய்ட் தொடரும். அந்தக் கேள்வியில்தான் 2,000 டாலர் ஒளிந்திருக்கிறது. வருமானத்தை மன்னிக்கிறார்கள், சேமிப்பை மன்னிப்பதில்லை. அம்மா கொண்டுவந்த படிவம் மெடிக்கெய்ட் தொடருவதற்கானது. மூன்றாம் பக்கத்தில் வங்கிக் கணக்கு விவரம் கேட்டிருந்தது.

"என் பேரும் சேர்ந்துதானே இருக்கு?" என்றார். அது கார்டியன் என்பதால் இருப்பது. பணம் பையனுடையதுதான்.

வேறு கணக்குக்கு மாற்றிவிடலாமா என்று அவர் கேட்டார். வீட்டில் யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். கூடாது. கார்டியன் தன் பாதுகாப்பில் இருப்பவர் பணத்தைத் தன் கணக்குக்கு மாற்றுவது பெரிய குற்றம். அது போக, அவன் சொத்தைத் தானமாகக் கொடுத்ததாகக் கணக்கு வைத்து உதவிகளை நிறுத்தி வைப்பார்கள். எஸ்எஸ்ஐ விதியில் 36 மாதம் வரை. படிவத்தில் வங்கிக் கணக்குக்கான காலி இடத்தில் பொய் எழுதுவது பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. உள்ளதை எழுதி அனுப்பினோம்.

வராத வேன்

கவுண்டி, அதாவது மாவட்ட, அலுவலகத்திலிருந்து ஆகஸ்டில் மெடிக்கெய்ட் மறுப்புக் கடிதம் வந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி பிறக்கும் நொடியில் கணக்கில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஜூலை 1-இலும் ஆகஸ்ட் 1-இலும் ஒன்றரை லட்சம் இருந்தது.

செப்டம்பர் 2, லேபர் டேக்கு மறுநாள், காலை 8:10-க்கு வரும் வேன் வரவில்லை. பையன் அதற்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே பையை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் நிற்பான். அன்றைக்கு 11 மணி வரை நின்றானாம். மறுநாளும் நின்றான். அந்த வாரம் நான் போனபோது ஜன்னல் கண்ணாடியில் அவன் நெற்றி பட்ட இடத்தில் வட்டமாக ஒரு கறை. அம்மா அதைத் துடைக்காமல் விட்டிருந்தார். ஆறு வாரம் இப்படியே போனது.

பத்து டாலரில் தொடங்கிய ட்ரஸ்ட்

வழி இருந்தது. 1993 ஆகஸ்டில் வந்த மத்திய பட்ஜெட் சட்டத்தில் ஒரு சின்ன உட்பிரிவு: 65 வயதுக்குக் குறைந்த இயலாதவரின் சொந்தப் பணத்தை, அவர் நலனுக்கு மட்டுமான, திரும்பப் பெற முடியாத ஒரு ட்ரஸ்டில் போட்டால் அது அவர் சொத்தாக மெடிக்கெய்ட் கணக்கில் வராது. எஸ்எஸ்ஐ கணக்கிலிருந்தும் அதே ட்ரஸ்டுக்கு விலக்கு உண்டு. பெற்றோரோ, தாத்தா பாட்டியோ, கார்டியனோ, கோர்ட்டோ அமைக்க வேண்டும். இயலாதவர் தானே அமைத்துக்கொள்ள 2016 டிசம்பரில்தான் அனுமதி வந்தது. அதுவரை, தெளிவாக யோசிக்கக்கூடிய ஒருவர்கூடத் தன் பணத்துக்குத் தானே கையெழுத்துப் போட முடியாமல் இருந்தது. இந்தப் பையனுக்கு அது பொருந்தாது, அவனுக்குக் கார்டியன் இருக்கிறார்.

இதை மட்டுமே செய்கிற ஒரு வக்கீலைப் பிடித்தோம். அம்மா இரண்டு வேஷம் கட்ட வேண்டியிருந்தது. தாயாக, தன் கைக்காசு 10 டாலரைப் போட்டு ட்ரஸ்டை அமைத்தார். கார்டியனாக, பையனின் பணத்தை அதற்குள் மாற்ற கோர்ட்டிடம் அனுமதி கேட்டார். ட்ரஸ்ட் பத்திரம் ஒரு வாரத்தில் தயார், அனுமதிக்குத்தான் இழுத்தது. செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் உத்தரவு வந்தது, 26-ஆம் தேதி பணம் மாறியது. அக்டோபர் 1 அன்று பையன் கணக்கில் 1,640 டாலர். மெடிக்கெய்ட் அந்த மாதத்திலிருந்து திரும்பியது, நடு அக்டோபரில் வேனும் வந்தது.

வக்கீல், கோர்ட்டு, ஆறு வாரம் வீட்டுக்கு வந்த உதவியாளர் சம்பளம், ஜூலை ஆகஸ்ட் சேவைக்குத் திருப்பிக் கேட்ட தொகை என்று எல்லாம் சேர்ந்து 19,000 டாலரைத் தொட்டது. படிவத்தில் பையன் பெயருக்குப் பதிலாக ட்ரஸ்டின் பெயர் இருந்திருந்தால் இதில் எதுவுமே இல்லை.

அதைவிடப் பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாதது. சொந்தப் பணத்தில் அமைத்த ட்ரஸ்டில் ஒரு நிபந்தனை கட்டாயம்: பையன் காலத்துக்குப் பிறகு மிஞ்சும் பணத்தில் முதல் உரிமை மாநிலத்துக்கு. அவனுக்காக மெடிக்கெய்ட் செலவழித்தது அத்தனையும், ட்ரஸ்டுக்கு முந்தைய காலத்தையும் சேர்த்து, கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு. பெற்றோர் தங்கள் பணத்தில் பிள்ளைக்கு அமைக்கும் ட்ரஸ்டுக்கு இந்த நிபந்தனை கிடையாது. மிஞ்சியது அக்காவுக்கோ அவள் பிள்ளைகளுக்கோ போகலாம். அப்பா உயிலில் எழுதியது அந்த இரண்டாம் வகை. ஒரே அப்பா, ஒரே சம்பாத்தியம். ஆனால் பணம் ஒரு நாளாவது பையன் பெயரில் நின்றுவிட்டால் அது அவன் பணம், அப்பா பணம் இல்லை. அப்புறம் முதல் வகைதான்.

"அப்போ அவர் சம்பாதிச்சது கடைசியில கவர்மெண்டுக்கா?" என்று அம்மா கேட்டார். நான் இதில் அவ்வளவு வருத்தப்பட மாட்டேன். பையனுக்கு 24 வயது. இந்தப் பணத்தை அவன் வாழும் காலத்திலேயே அவனுக்குச் செலவழிப்பதுதான் வேலை. அம்மா இப்போது தன் உயிலிலும், தன் காப்பீட்டிலும், 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலும் இரண்டாம் வகை ட்ரஸ்டை எழுதிவிட்டார். முதலில் இந்த ட்ரஸ்ட் தீரட்டும், அது கடைசிக்கு இருக்கட்டும். இரண்டையும் ஒரே கணக்கில் கலக்கவே கூடாது. கலந்தால் நல்ல பணத்தின் மேலும் மாநிலம் கை வைக்கலாம்.

பட்டர் குக்கீஸ் டப்பா

ட்ரஸ்டி, அதாவது ட்ரஸ்ட் பணத்தை நிர்வகிப்பவர், பெரியவள். அவளுக்கு 28 வயது, பிலடெல்பியாவில் வேலை. வங்கிகளைக் கேட்டுப் பார்த்தோம், இந்தத் தொகைக்கு யாரும் ஆர்வம் காட்டவில்லை. லாப நோக்கமற்ற அமைப்புகள் பலர் பணத்தைச் சேர்த்து நடத்தும் கூட்டு ட்ரஸ்டும் உண்டு. சொந்தத்தில் பொறுப்பான ஆள் இல்லாதவர்களுக்கு அதைத்தான் நான் சொல்வேன்.

அவளுக்கு நான் சொன்ன முதல் விதி, தம்பி கையில் காசு கொடுக்காதே. கையில் கொடுத்தால் அது வருமானம். கடைக்கோ ஆளுக்கோ ட்ரஸ்டே நேராகக் கட்ட வேண்டும். ஐபேட், செல்போன் பில், பல் வைத்தியம், சத்தம் குறைக்கும் ஹெட்போன், நீச்சல் வகுப்பு, மெத்தை, எல்லாம் சரி. பையனுக்கு ரயில் என்றால் உயிர். சனிக்கிழமைதோறும் மெட்ரோபார்க்கிலிருந்து நியூயார்க் பென் ஸ்டேஷன் வரை போய்த் திரும்ப டிக்கெட்டும், கூடப் போகும் உதவியாளர் டிக்கெட்டும், அவர் சம்பளமும் ட்ரஸ்டிலிருந்துதான். ரசீதுகளை அம்மா ஒரு நீல நிற பட்டர் குக்கீஸ் டப்பாவில் போட்டு வைக்கிறார். எல்லார் வீட்டிலும் ஊசி நூல் இருக்கும் அதே டப்பா.

ஒரு தகராறும் வந்தது. டிசம்பரில் நால்வருக்குத் திருச்சி டிக்கெட்டை ட்ரஸ்டிலிருந்து போடலாமா என்று அம்மா கேட்டார். நால்வர் என்றால் அம்மா, பையன், பெரியவள், அவள் கணவர். பையன் டிக்கெட் சரி. அவனோடு போக ஒரு துணை அவசியம், அதற்கும் சரி. மற்ற இரண்டு டிக்கெட்டுக்கு இடமில்லை. பணம் அவன் நலனுக்கு மட்டும். பெரியவளே மறுத்துவிட்டாள். தாயும் மகளும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பலர் இங்கேதான் இரண்டாம் முறை விழுகிறார்கள். டிஏசி பணம் மாதம் 2,300 வருகிறது. செலவு 1,500 என்றால் மூன்றாம் மாதமே 2,000-ஐத் தாண்டிவிடும். சோஷியல் செக்யூரிட்டி பணத்தை இந்த ட்ரஸ்டுக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது, சட்டம் தடுக்கிறது. அதற்கு இருப்பது ஏபிள் கணக்கு, இயலாதவர்களுக்கான தனிச் சேமிப்புக் கணக்கு. 2014 சட்டத்தால் வந்தது. அவன் பெயரிலேயே இருக்கும், ஆனாலும் 2,000 கணக்கில் வராது. 2025-இல் வருஷத்துக்கு 19,000 டாலர் வரை போடலாம். ஒன்றரை லட்சத்தை அதிலேயே போட்டிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு அந்த 19,000தான் பதில். இப்போது மாதம் 28-ஆம் தேதி அம்மா போனில் கணக்கைப் பார்க்கிறார். மிஞ்சியது ஏபிளுக்குப் போகிறது. 28 என்ற எண் அந்த வீட்டை விடவில்லை.

உறையூர் வீடு

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது திருச்சியிலிருந்து பாட்டி கூப்பிட்டார். அப்பாவின் அம்மா, 81 வயது, உறையூரில் சொந்த வீடு. மகன் போய்விட்டான், பேரனுக்கு விவரம் பத்தாது, அதனால் வீட்டை அவன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிடப் போகிறேன் என்றார். பத்திர எழுத்தரிடம் பேசியும் வைத்திருந்தார்.

வீடு உலகத்தில் எங்கே இருந்தாலும் பையன் பெயரில் இருந்தால் அவன் சொத்துதான். அதை வாட்ஸப் வீடியோவில் மூன்று தடவை விளக்கினோம். பாட்டி கோபித்துக்கொண்டு, "சரி, நான் ஒண்ணுமே எழுதலை" என்றார். அதுதான் இன்னும் மோசம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாத பெண்ணின் சொத்து அவர் பிள்ளைகளுக்கும், கணவர் இருந்தால் அவருக்கும் போகும். இறந்துபோன மகனின் பங்கு அந்த மகனின் பிள்ளைகளுக்குப் போகும். மருமகளுக்கு அந்த வரிசையில் இடமில்லை. அதாவது பாட்டி சும்மா இருந்தாலும் சட்டமே பையன் பெயரை எழுதிவிடும்.

"பேரன் பேர்ல எழுதினாலும் தப்பு, எழுதாம விட்டாலும் தப்புன்னா, இது என்னடி ஊரு?" என்று பாட்டி அம்மாவைக் கேட்டார். அம்மாவிடம் பதில் இல்லை. ஒரு மாதம் கழித்துப் பெரியவள் பெயருக்கு உயில் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்தார்கள். பேத்தி தம்பியைப் பார்த்துக்கொள்வாள் என்று ஒரு வரி சேர்க்கப் பாட்டி அடம்பிடித்தார். அந்த வரியைச் சொத்தோடு பிணைக்காமல், வெறும் ஆசையாக எழுதும்படி எழுத்தரிடம் சொல்லவேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்து போனை வைக்கப்போகும்போது பாட்டி கேட்டார்: "காயிதத்துலதானே அவன் பேரு கூடாது. வாசல் தூண்ல கல்லு பதிச்சு அவன் பேரை எழுதலாமில்ல?"

எழுதலாம் என்று சொன்னேன். பொங்கலுக்குப் படம் வந்தது. கருங்கல் பலகையில் வீட்டு எண்ணுக்கு மேலே அவன் பெயர், கீழே "இல்லம்".